ஸ்லைடுகளைப் படியெடுக்கும் முறை

பனையோலைச் சுவடியைப் படியெடுக்கப் புகுவார் முதற்கண் நோக்குவது ஏட்டெண்ணையே. எண் பிறழ்ந்த சுவடியில் எழுத்து விளங்கினும் பொருள் விளங்காது. ஸ்லைடு என வழங்கும் சிறு வண்ணப்படங்களைக் கணிப்பொறியிற் சேர்க்கும் பணியும் அத்தகையதே என்பது எம் கருத்து.

ஸ்லைடென்பது 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமுமுள்ள படச்சுருளின் ஒரு துண்டு. 50 மில்லிமீட்டர்ச் சதுரமான அட்டைச் சட்டத்திலேனும் பிளாஸ்டிக் சட்டத்திலேனும் பொருத்தப்பெற்றது. 1935-ல் வெளிவந்த கோடக்குரோம் சுருள் இவ்வகையிற் புகழ்பெற்றது. கோடக் நிறுவனத்தார் ஸ்லைடு காட்டும் கருவி செய்வதை 2004-லும், அச்சுருள் செய்வதை 2009-லும் நிறுத்தினர். ஆகவே, பெட்டிகளில் உறங்கும் படங்களைக் காண இனி ஸ்கேனரே பெரும்பாலும் துணை.

நிக்கான் கூல்ஸ்கேன் 5000 என்னும் ஸ்கேனரோடு எஸ்.எஃப். 210 என்னும் ஊட்டியைப் பூட்டினால் 50 ஸ்லைடுகள் வரை ஒருங்கே அடுக்கலாம். ஊட்டி ஒவ்வொன்றாய் உட்செலுத்த, ஸ்கேனர் அங்குலத்திற்கு 4000 புள்ளி வீதம் பதிவு செய்யும். ஒரு படத்திற்கு 2 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். இக்கருவியும் இப்போது செய்யப்படுவதில்லை. பழையனவே கைமாறி வழங்குகின்றன. வேகமே இதன் பெருமை என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதகில்லேம்.

நாஞ்சில் நாட்டில் தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இருபருவ மழையும் பெய்தலின் அட்டைச் சட்டங்கள் ஈரமேறி வளையும், ஓரம் பிரியும். அத்தகையன ஊட்டியிற் புகின் சிக்கிக்கொள்ளும். அவற்றை முன்னரே பிரித்துக் கையாலிட்டு எடுத்தல் நன்று. பூஞ்சை படர்ந்த ஜெலட்டின் நீரிற் கரையுமாதலால், ஈரத்துணியால் துடைத்தல் படத்தையே துடைத்தலாய் முடியும். தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிராற் கண்டு நீக்கும் வசதி கருவியில் உண்டு. ஆயினும் கோடக்குரோமிலும் வெள்ளியாலாகிய கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது தடுமாறும்.

இவையெல்லாம் சிறு இடர்களே. ஸ்கேனர் பார்ப்பது நடுவிலுள்ள படத்தை மட்டுமே. சட்டத்தின்மேல் மையால் வரைந்த ஊரும் ஆண்டும் அதன் கண்ணிற் படா. ஊட்டியில் ஒரு ஸ்லைடு தவறின், அதன்பின் வருவன யாவும் ஓரெண் பிறழ்ந்து, ஒருவர் முகத்திற்கு மற்றொருவர் பெயர் அமையும்.

கன்னியாகுமரிப் பாறைகளைக் காட்டும் குறிப்பற்ற ஸ்லைடொன்றில், 1970-ல் திறக்கப்பெற்ற விவேகானந்தர் மண்டபம் தோன்றி, 2000-ல் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலை தோன்றாதாயின், அதன் காலத்தை ஒருவாறு துணியலாம். திருமணக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் மூதாட்டி யாரென்பதை எப்பாறை சொல்லும்?

ஆதலின், பெட்டியில் இருந்த வரிசை குலையாமுன் ஒவ்வொரு சட்டத்திலும் மெல்லிய பென்சிலால் எண்ணிட்டு, எழுத்துள்ள பக்கத்தைத் தனியே படம் பிடித்து, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். குறிப்பில்லாதனவற்றைச் சன்னல் வெளிச்சத்தில் வீட்டு முதியோர்க்குக் காட்டிப் பெயர் கேட்டெழுதிய பின்னரே ஊட்டியில் அடுக்குக. ஐம்பது முடிந்ததும் குறிப்பேட்டின் எண்ணும் கணிப்பொறியின் எண்ணும் ஒத்தனவா எனப் பார்த்து, அதன்பின் அடுத்த ஐம்பதை எடுக்கலாம்.