கணிப்பொறிப் பயிற்சியும் மறதி நோயும்



சிரம்பான், பகாவ், கோலப்பிலா, ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களை அண்டிக் கடை வைத்துப் பிழைத்தவர் நம்மவரில் பலர். சம்பள நாளை நம்பிக் கடன் கொடுத்து, வீட்டுக்கு வீடு உள்ள பற்றைப் பேரேட்டைப் புரட்டாமலே சொன்ன பெரியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர், வாங்கிய பணத்தையே மீண்டும் கேட்கிறார், மீதிச் சில்லறை கொடுப்பதில் தடுமாறுகிறார் என்றால், வீட்டார் முதலில் ‘வயதாகிவிட்டது’ என்பார்கள். பிறகு பயந்துபோய், கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் வரும் மூளைப் பயிற்சிக்குச் சந்தா கட்டுவார்கள். அந்தச் சந்தா எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பார்ப்போம்.

அல்சைமர் என்னும் நோயை ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906ல் எடுத்துரைத்தார். புதிய செய்தியைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியையே அது பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. ஆதலால், ஒரு கட்டிக்குப் பதினாறு தாகில் என்று அத்தா தப்பாமல் சொல்வார். காலையில் வந்து பேசிப்போன ஆளை மறந்துவிடுவார். இதைக் கண்டு ‘நடிக்கிறார்’ என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அது கொடுமை.

கணிப்பொறிப் பயிற்சியில் ஒரு வகையைச் சொல்லுவோம். திரையின் நடுவில் ஒரு வாகனமும் ஓரத்தில் ஒரு பொருளும் கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறையும். எந்த வாகனம், எந்த ஓரம் என்று காட்ட வேண்டும். சரியாகக் காட்டக் காட்ட வேகம் கூடும். இதையும் வேறு இரு பயிற்சிகளையும் அமெரிக்காவில் 1998 முதல் 65 வயது கடந்த 2,832 பேரிடம் சோதித்தனர். நினைவில் பயின்றவர் நினைவிலும், வேகத்தில் பயின்றவர் வேகத்திலும் தேறினர். வேகப் பயிற்சி பெற்றவர்களிடையே பத்தாண்டுகளில் மறதி நோய் குறைவாகவே வந்தது என்றும் 2017ல் கணக்கு வெளியாயிற்று. விளம்பரக்காரர் காட்டுவது இதைத்தான். ஆனால் அவர்களெல்லாம் சேரும்போது நோய் இல்லாதவர்கள். நோய் தொடங்கிவிட்டவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு சரக்கின் விலைச்சீட்டை இன்னொன்றில் ஒட்டினால் நாம் ஒப்புவோமா?

நோய் தொடங்கியவர்களைப் பற்றிய 33 ஆய்வுகளை, சுமார் 2,000 பேரின் விவரத்தோடு, காக்ரேன் அமைப்பினர் 2019ல் தொகுத்தனர். கணிப்பொறியிலும் தாளிலும் செய்த பயிற்சிகள் அவை. சும்மா இருந்தவர்களைவிடப் பயின்றவருக்குச் சிறிது நன்மை தெரிந்தது. வேறு நல்ல வேலைகளில் ஈடுபட்டவரைவிட மேலான நன்மை இருப்பதாகத் தெரியவில்லை. நோயை நிறுத்துவதோ திருப்புவதோ இதில் இல்லை. லூமோசிட்டி என்னும் பயிற்சியை விற்ற நிறுவனம், ஆதாரமின்றி மறதியைத் தடுப்பதாக விளம்பரம் செய்ததென்று அமெரிக்க அரசின் வாணிபக் குழு குற்றஞ்சாட்டியது. 2016ல் 20 லட்சம் டாலர் கட்ட அந்நிறுவனம் இசைந்தது.

ஆகவே பணம் கட்டுமுன் மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டுக் குறையும், பி12 சத்துக் குறையும், மனச்சோர்வும், சில மாத்திரைகளும்கூட மறதியை உண்டாக்கும். இவற்றைக் கண்டுபிடித்தால் சரிசெய்ய வழியுண்டு. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் முதியோருக்கென்றே மருத்துவப் பிரிவு இருக்கிறது. காது மந்தமாயிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கேளாத செய்தி மனத்தில் எப்படித் தங்கும்?

அதன் பின்னும் திரைப் பயிற்சி பிடித்திருந்தால் செய்யட்டும். ஆனால் அந்நிய மொழியில் கேள்வி கேட்டு, தவறென்று சிவப்பு விளக்குக் காட்டும் பெட்டியோடு அவரைத் தனியே விட்டுவிடக் கூடாது. பேரப்பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும், அலுத்தால் நிறுத்தட்டும். சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனத்தார், இங்கிலாந்தில் உருவான ஒரு கூட்டுப் பயிற்சி முறையை நம் நாட்டவர் பழக்கத்துக்கேற்ப மாற்றிச் சோதித்து 2017ல் எழுதியிருக்கிறார்கள். சிலர் கூடியிருந்து பேசுவதும், பழைய பொருளைப் பார்த்துக் கதை சொல்லுவதும், பாட்டும் விளையாட்டுமாக வாரம் இருமுறை நடப்பது அந்த முறை. அதற்குச் சந்தா வேண்டாம். பழைய தராசு, படிக்கல், பற்றுப் புத்தகம் போதும்.

பெரியவரைக் கடையிலிருந்து விலக்க வேண்டுமென்பதில்லை. கல்லாவில் இன்னொருவர் கூட இருந்து, கொடுத்ததையும் வாங்கியதையும் அவர் கண்முன்னே எழுதினால் கணக்கும் தப்பாது, அவர் முகமும் வாடாது.