கூட்டுக் கிளியும் அதன் உணவும்

தமிழ் பயில்வார்க்குக் கிளி புதிய பறவையன்று. கிள்ளை, தத்தை, சுகம் என்றெல்லாம் அதற்குப் பெயருண்டு. குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களுள் அதுவும் ஒன்று. தினைப்புனங் காத்தலும் கிளி கடிதலும் அந்நிலத்து மகளிரின் தொழில்கள். தழல், தட்டை, குளிர் என்பன அவர்தங் கருவிகள் எனக் குறிஞ்சிப்பாட்டால் அறிகின்றோம். கந்தபுராணப் படனம் நிகழும் நம் ஊர்க் கோயில்களில், வள்ளியம்மை பரண்மீது நின்று புள்ளோச்சிய கதையைக் கேளாதார் இலர்.

எனினும், நம் இலக்கியத்திற் கிளி இருவேறு வாழ்வு வாழ்கின்றது. புனத்திலே கதிர் கொய்து பறப்பது ஒன்று. மாடத்திலே கூட்டிலிருந்து பாலும் பழமும் உண்பது மற்றொன்று. முன்னதை ஓட்டினர், பின்னதைக் கொஞ்சினர். ஓட்டப்பட்ட கிளி பெற்ற உணவு நல்லதா, கொஞ்சப்பட்ட கிளி பெற்ற உணவு நல்லதா என்னும் வினாவை எழுப்பி, இக்காலத்து அறிவியல் தரும் விடையை யாம் ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

இலங்கையில் இயல்பாக வாழுங் கிளியினம் ஐந்து. அவற்றுள் நம் குடாநாட்டில் யாவரும் அறிந்தது கழுத்திலே வளையம் பூண்ட பச்சைக்கிளியாகும். ஆண் பறவைக்கே அவ்வளையம் தெளிவாகத் தோன்றும். மரப்பொந்துகளே இதன் கூடு. பட்டுப்போன பனைமரத்துப் பொந்தும் இதற்கு ஏற்ற மனையே. அண்மைக் காலத்தில் நம் வீடுகள் சிலவற்றிற் கொனூர் எனப்படும் சிறுகிளிகளும் இடம்பெறலாயின. கூம்பிய வாலையுடையது எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது. அவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். மெக்சிக்கோ முதல் தென்னமெரிக்காவின் தென்பகுதி வரை அவ்வினங்கள் பரந்துள்ளன. ஊர் வேறாயினும் உடலின் தேவையில் நம் பச்சைக்கிளிக்கும் கொனூருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆதலின் ஈண்டுக் கூறுவன இரண்டிற்கும் பொதுவெனக் கொள்க.

காட்டுக் கிளி ஒன்றையே உண்டு வாழ்வதில்லை. தானியம், பழம், மொட்டு, பூ, பூந்தேன், பிஞ்சு, கொட்டை எனப் பருவந்தோறும் மாறி உண்பது அதன் இயல்பு. இலண்டனில் வதியும் நம் பழைய மாணவர்கள், அந்நகரத்துப் பூங்காக்களில் இதே வளையக் கிளி கூட்டமாகப் பறப்பதைக் கண்டிருப்பர். கூட்டிலிருந்து வெளியேறியவற்றின் வழிவந்த அப்பறவைகள் குளிர்நாட்டிலும் பெருகியமைக்குக் கிடைப்பதனைத்தையும் உண்ணும் அவ்வியல்பும் ஒரு காரணமாகும். புனத்துக் கிளி தினையை உண்டது உண்மையே. ஆனால் தினையை மட்டும் உண்டதில்லை. அதனைத் தேடிப் பல கல் தொலைவு பறந்தும் உண்டது. நாமோ பறவையைக் கூட்டில் இருத்திச் சிறகின் உழைப்பை நீக்குகின்றோம். உணவின் வகையையும் ஒன்றிரண்டாகச் சுருக்குகின்றோம். கூட்டுக் கிளியின் நோய்களுட் பல இவ்விரு குறைகளினின்றும் தோன்றுவனவே.

இனி, பாலை முதலில் ஆராய்வோம். கிளிக்குப் பால் ஊட்டுதல் அன்பின் அடையாளமாக நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பாலூட்டும் விலங்கின் குட்டிக்கே பால் இயற்கை வகுத்த உணவு. பாலிலுள்ள இலற்றோசு என்னும் வெல்லத்தைச் செரிப்பதற்கு வேண்டிய நொதியம் பறவையின் குடலில் இல்லை. ஆதலாற் பாலும் பாற்சோறும் கிளிக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பொந்திலிருந்து எடுத்த குஞ்சுக்குப் பசுப்பாலிற் குழைத்த சோற்றை ஊட்டுவோர் இன்றும் உளர். அக்குஞ்சின் எலும்பு வளர்தற்குரிய சத்து அதில் இல்லாமையாற் கால்கள் வளைந்து நிற்கும்; அவ்வளைவு பின்னர் நிமிர்வது அரிது. குஞ்சைப் பொந்தினின்றும் எடாமையே முதல் அறம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக் கிளிகளைப் பிடித்தலையும் வீட்டில் வைத்தலையும் தடுத்துள்ளது என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

அடுத்தது சூரியகாந்தி விதை. கடையில் எளிதிற் கிடைப்பதும் கிளி விரும்பி உண்பதும் இதுவே. கோது நீங்கிய விதையின் எடையிற் பாதியளவு கொழுப்பாகும். 100 கிராம் பருப்பிற் கல்சியம் ஏறத்தாழ 80 மில்லிகிராம். பொசுபரசோ 660 மில்லிகிராம். உடலுக்குக் கல்சியமே பொசுபரசினும் மிகுதியாக வேண்டும். இவ்விதையிலோ அளவு தலைகீழாகக் கிடக்கின்றது. விற்றமின் ஏ என்னும் உயிர்ச்சத்தும் இதில் இல்லையெனலாம். விதையே உணவாகக் கொண்ட கிளியின் ஈரலிற் கொழுப்புப் படியும். அலகு மிகையாக வளரும். சிறகின் ஒளி மங்கும். இலவு காத்த கிளி ஏமாந்து பறந்தது. இவ்விதை காத்த கிளியோ ஏமாந்தமை அறியாமலே நோயுறுகின்றது.

விற்றமின் ஏ குறையுமாயின் வாயிலும் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள மென்றோல் தடித்து வறளும். வாயினுள்ளே வெண்ணிறப் படிவு தோன்றும். கிருமி எளிதிற் புகும். இக்குறையைத் தீர்க்கும் பொருள்கள் நம் வளவிலேயே உள. முருங்கையிலை, பூசணி, பப்பாசி, மாம்பழம், கரட், செம்மஞ்சள் நிற வற்றாளைக் கிழங்கு ஆகியவற்றிலுள்ள கரற்றீன் என்னும் நிறப்பொருளை உடலே விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். முருங்கையிலையிற் கல்சியமும் மிகுதி. இலையின் முதிர்வுக்கும் விளைந்த நிலத்துக்கும் ஏற்ப 100 கிராமுக்கு 180 முதல் 440 மில்லிகிராம் வரை அது கணிக்கப்பட்டுள்ளது.

கல்சியத்திற்கு மற்றுமொரு வாயில் நம் கரையோரத்திலேயே கிடக்கின்றது. அதுவே கணவாய் ஓடு. அதனை நன்னீரிற் பலமுறை ஊறவைத்து உப்பு நீக்கி, வெயிலில் உலர்த்திக் கூட்டிலே கட்டிவிடலாம். முட்டையிடும் பெட்டைக்குக் கல்சியம் குறையுமாயின் முட்டை வயிற்றிலே தங்கி உயிரையே வாங்கும். உண்ட கல்சியம் உடலிற் சேர்தற்கு விற்றமின் டீ வேண்டும். அது தோன்றுதற்கு ஞாயிற்றின் புறவூதாக் கதிர் வேண்டும். யன்னற் கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடும். ஆதலிற் காலை இளவெயிலிற் கூட்டை வெளியே வைத்தல் வேண்டும்; ஒரு பாதிக்கு நிழலும் இருத்தல் வேண்டும்.

சைவ வீட்டிற் புரதத்திற்கு யாது செய்வது எனச் சிலர் வினவுவர். தானியப் புரதத்திற் குறைவது பயற்றில் உண்டு. பயற்றிற் குறைவது தானியத்தில் உண்டு. இரண்டுஞ் சேர்ந்த வழி ஒன்றன் குறையை மற்றது நிரப்பும். உப்பும் வெல்லமும் இடாது அவித்த அரிசியும் பயறும் கலந்த உணவு கிளிக்கு நன்று. தீட்டாத அரிசி, குரக்கன், சாமை, தினை என மாற்றி மாற்றி அளித்தல் மேலும் நன்று. முளைகட்டிய பாசிப்பயற்றை நன்கு கழுவிப் பச்சையாகவே கொடுக்கலாம். ஏனைய கடலையையும் கௌபியையும் அவித்தே கொடுத்தல் வேண்டும்.

இவற்றை மனத்திற் கொண்டு நாளுணவைப் பத்துப் பங்காக வகுத்துக் காண்போம். ஐந்து பங்கு, கிளிக்கென்றே சத்துக்கள் அளவறிந்து சேர்த்துச் செய்த உருண்டைத் தீன்; அது கிடையாதவிடத்து மேற்கூறிய தானியமும் பயறும். மூன்று பங்கு, கீரையும் காய்கறியும்: முருங்கையிலை, பயற்றங்காய், போஞ்சி, பூசணி, பாவற்காய் போல்வன. ஒரு பங்கு பழம். எஞ்சிய ஒரு பங்கு விதையும் கொட்டையும். அதனையும் பழக்குங்காற் பரிசாகக் கையிற் கொடுத்தல் சிறப்பு. உருண்டைத் தீன் அறவே இல்லாதவிடத்துச் சில உயிர்ச்சத்துக்கள் குறைதல் கூடுமாதலின் மிருக வைத்தியரின் கருத்தை அறிதல் வேண்டும். குடிநீரை நாள்தோறும் இருமுறை மாற்றுக. நம் வெப்பத்தில் அவித்த உணவு விரைவிற் புளிக்குமாதலின் இரண்டு மணி நேரத்தில் எஞ்சியதை அகற்றுக.

மிளகாயைப் பற்றியும் ஒரு சொல். கிளி உறைப்பறியாது என்பது முற்றிலும் உண்மை. மிளகாயின் எரிவை உணர்த்தும் உறுப்புக்கூறு பாலூட்டிகளில் அவ்வெரிபொருளுக்கு வினைப்படுவது போலப் பறவைகளில் வினைப்படுவதில்லை என 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பழுத்த மிளகாயிற் கரற்றீனும் உண்டு. ஆதலின் கொடுத்தல் நன்றே. ஆனால் மிளகாய் உண்டால் நா திருந்திப் பேச்சு வரும் என்பது வெறுங் கூற்று. பேச்சு வருவது பழக்கத்தால், உணவால் அன்று. சங்கப் புலவர் கண்ட கிளி மிளகாயைக் கண்டதேயில்லை; கொனூரைப் போலவே மிளகாயும் அமெரிக்காவினின்றும் வந்தது; போர்த்துக்கேயர் வாயிலாகக் கீழ்த்திசையை அடைந்தது.

விலக்கத்தக்கனவும் உள. வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவக்காடோ நமக்கு உணவு. கிளிக்கோ இதயத்தைத் தாக்கும் நஞ்சு. சொக்கிலேற்று, கோப்பி, தேநீர், மது, வெங்காயம், உப்பிட்ட பண்டம் ஆகியன கூடா. அப்பிளின் விதையை நீக்கியே கொடுத்தல் வேண்டும். கச்சானிலே தனிக் கவனம் வேண்டும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டன. அவை உண்ட கச்சான் பிண்ணாக்கிற் பூஞ்சணம் பிடித்திருந்தமையே காரணமெனப் பின்னர்த் தெளிந்தனர். அப்பூஞ்சணம் விளைத்த நஞ்சே அபிளாத்தொட்சின், ஈரலைக் கெடுப்பது. நம் மாரிக்காலத்து ஈரத்திற் கச்சானும் தானியமும் எளிதிற் பூஞ்சணம் பிடிக்கும். நாம் உண்ணத் தயங்குவதைக் கிளிக்கு இடுதல் ஒருபோதும் தகாது.

விதைக்குப் பழகிய கிளியின் உணவை ஒரே நாளில் மாற்றுதல் பேரிடர். அறியாத பொருளை உணவென்றே அது கருதாது. பட்டினி கிடந்து இறத்தலுங் கூடும். பல வாரங்களிற் சிறிது சிறிதாக மாற்றுக. நாம் எதிரே இருந்து உண்டு காட்டினால் அதுவும் உண்ண முற்படும். ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசில், காலையில் உணவுக்கு முன் நிறுத்துக் குறித்து வருக. 120 கிராம் கிளி 12 கிராம் குறைதல், 60 கிலோ மனிதர் 6 கிலோ குறைதற்கு ஒப்பாகும். அந்நிலையில் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

உணவைக் கிண்ணத்தில் இட்டுவிட்டால் சில நிமிடத்தில் உண்டு முடித்து, எஞ்சிய பகலெல்லாம் வாளாவிருக்கும். அச்சலிப்பால் தன் சிறகைத் தானே பிடுங்குங் கிளிகளும் உள. பனையோலையில் முடிந்த பொட்டலத்துள்ளே பயற்றை மறைத்து வைத்தாலும், பயற்றங்காயையும் பாவற்காயையும் கோத்துத் தொங்கவிட்டாலும் தேடியுண்ணும் தொழில் அதற்கு மீண்டும் கிடைக்கும்.

வினாவிற்கு விடை இப்பொழுது தெளிவாயிற்று. ஓட்டப்பட்ட கிளியே நல்லுணவு பெற்றது; கொஞ்சப்பட்டது பெறவில்லை. அன்பு குறைந்தமையால் அன்று, அறிவு குறைந்தமையால். பொருளறியாது ஒப்பிப்பாரைக் கிளிப்பிள்ளை என்கின்றோம். கிளி எத்துணைச் சொல் பயின்றாலும் ‘எனக்கு நோய்’ என்னும் ஒன்றைச் சொல்வதில்லை. பகைக்கு அஞ்சும் பறவையாதலின் நோயை மறைத்தல் அதன் இயற்கை. வெளியே தெரியுங்காற் பெரும்பாலும் காலங் கடந்திருக்கும். நம் சொல்லைப் பேசும் அவ்வுயிரின் சொல்லாத தேவையை அறிந்து ஊட்டுதல் நம் கடன். விரும்புவதை இடுதல் எளிது. வேண்டுவதை அறிந்து இடுதலே வளர்த்தலாகும். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிற் கிளி உண்டாயின் நாளைக் காலையில் அதன் கிண்ணத்தை ஒருமுறை நோக்குக. முருங்கை இணுங்கு ஒன்றை அதில் வைக்க மறவாதீர்.