நில் என்னும் ஆணை

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆகியது. அவற்றுட் பல நாள்தோறும் தேய்ந்து அழிய, வேறு பல இரண்டாகப் பிரிந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. பிரியுமுன் ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் அமைந்த டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழையைப் படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்விழை இரு புரி முறுக்கிய கயிறு போன்றது. ஒரு புரி அறுந்தால், மற்றதைத் துணையாகக் கொண்டு செப்பம் செய்யலாம். இரு புரிகளும் ஒருங்கே அறுமாயின் கேடு பெரிது. எக்ஸ் கதிர்கள் இத்தகைய சிதைவை விளைக்க வல்லன.

சிதைந்த இழையோடு உயிரணு பிரியுமாயின், அப்பிழை அதன் வழித்தோன்றல்களையும் பற்றுமன்றோ? அதனைத் தடுப்பது எது? நம் 11-ஆம் குரோமோசோமில் ஏ.டி.எம். என்னும் மரபணு உள்ளது. அதன்வழி உருவாகும் புரதம் இயல்பாக அடங்கிக் கிடக்கும். இரு புரிகளும் அறுந்தவுடன் அது விழித்தெழுந்து, பி53 முதலிய பிற புரதங்களின்மீது பாஸ்பேட்டு என்னும் முத்திரையைப் பொறிக்கும். முத்திரை பெற்றவை உயிரணுவின் பிரிவை நிறுத்திவைக்கின்றன. பழுதுபார்க்கும் பணியும் தொடங்குகின்றது. இவ்வாறு நிறுத்தி ஆராயும் இடத்தை அறிஞர் சோதனைச் சாவடி என்பர். பழுது நீங்கின் பிரிவு தொடரும். நீங்காதெனின், அவ்வுயிரணு பெரும்பாலும் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்.

இக்காவலின் அருமையை அஃது இல்லாதவரிடத்தே காண்கிறோம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற ஏ.டி.எம். மரபணுவைப் பெறும் குழந்தை, அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்னும் அரிய நோய்க்கு ஆளாகிறது. நடை பயிலும் பருவத்தே அது தள்ளாடும்; பின்னர் வெள்விழியில் சிறு குருதிக்குழாய்கள் விரிந்து தோன்றும்; புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் மிகும். 1960-களில், இந்நோயுற்ற குழந்தைகள் சிலருக்குத் தோன்றிய புற்றுநோயைத் தீர்க்க மருத்துவர் கதிர்களைச் செலுத்தினர். பிறர் தாங்கும் அளவே இவர்களின் உடலைப் பெரிதும் சிதைத்தது. மருந்தே நஞ்சாயிற்று!

1995-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசெப் ஷிலோ என்பாரும் அவர்தம் குழுவினரும் இம்மரபணுவைக் கண்டறிந்தனர். நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. எனினும், மரபணுவைச் சோதித்து நோயை முன்னரே அறியவும், தீங்கு செய்யும் கதிர்களைத் தவிர்க்கவும் இன்று இயலுகின்றது.

மாணவர்களே! வளர்வது உயிரின் இயல்பு. பழுது கண்டவிடத்து நின்று, அதனைச் செப்பம் செய்து, பின் மேற்செல்வதும் அவ்வியல்பின் ஒரு பகுதியே என்பதைக் கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரணு நமக்கு உணர்த்துகின்றது.