சென்னை முதல் மதுரை வரை எலெக்ட்ரிக் காரில்: ஏடாஸை எங்கே ஆன் செய்வது, எங்கே அணைப்பது

எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்களிடம் எல்லோரும் கேட்பது சார்ஜ் பற்றித்தான். அந்தக் கவலை இப்போது பாதி தீர்ந்துவிட்டது. தாம்பரம் தாண்டினால் மதுரை வரை நெடுஞ்சாலை ஓட்டல் வளாகங்களில் வேக சார்ஜர்கள் வந்துவிட்டன. தீராத சந்தேகம் வேறு: காரோடு வந்த ஏடாஸை, அதாவது ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதிகளை, நம் ஊர் ரோட்டில் பயன்படுத்தலாமா? டெலிவரி அன்று அவசரமாக ஒரு டெமோ காட்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு சிலர் பீப் சத்தம் பொறுக்காமல் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ஏடாஸ் என்பது ஒரே வசதி அல்ல. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ், கோட்டுக்குள் காரைப் பிடித்துவைக்கும் லேன் அசிஸ்ட், மோதப்போகும் நேரத்தில் தானே பிரேக் போடும் அவசர பிரேக், பக்கவாட்டில் வரும் வண்டியைச் சொல்லும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை என்று பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இடம் வேறு. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு தானியங்கி ஓட்டுதலை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. இங்கே விற்கும் கார்களில் இருப்பது லெவல் 2. அதாவது ஓட்டுவது நீங்கள், கார் கூடமாட உதவி செய்கிறது. விபத்து நடந்தால் பொறுப்பும் உங்களுடையதே.

சென்னை–திருச்சி–மதுரை சாலையை எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முந்தின நாளிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. முந்தின நாள்

கேமரா, முன் கண்ணாடியின் உள்பக்கம் ரியர்வியூ மிரருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். ரேடார், முன் பம்பரின் நடுப்பகுதியிலோ லோகோவுக்குப் பின்னாலோ இருக்கும். இரண்டும் எங்கே என்று மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பூஜை போட்ட வண்டியில் இது முக்கியம். கண்ணாடியில் கேமராவுக்கு நேராக இழுத்த சந்தனம், பம்பரில் தொங்கும் எலுமிச்சை மிளகாய், ரேடாரை மூடிய மாலை, எதுவானாலும் காரின் பார்வையை மறைக்கும். பொட்டை பானட்டின் நடுவிலும் மாலையை ரேடாரை விட்டுத் தள்ளியும் வைத்தால் போதும். வெளியே வாங்கிப் பூட்டுகிற பம்பர் கார்டு வேண்டவே வேண்டாம்.

ஈரத் துணியால் கண்ணாடியையும் பம்பரையும் துடையுங்கள். வைப்பர் பிளேடு கோடு போட்டால் மாற்றிவிடுங்கள். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். இது ரேஞ்சுக்கும் பிரேக்குக்கும் சேர்த்துச் செய்யும் வேலை.

2. காரை நிறுத்திவைத்து மெனுவில் செய்ய வேண்டியவை

அவசர பிரேக்கை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். மோதல் எச்சரிக்கை அடிக்கடி கத்தினால் அதன் உணர்திறனை ஒரு படி குறையுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம். முன் வண்டிக்கு க்ரூஸ் விடும் இடைவெளியை அதிகபட்சப் படியிலோ அதற்கு முந்தின படியிலோ வையுங்கள். இடைவெளி விட்டால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவான் என்பார்கள். புகட்டும். புகுந்தவன் பின்னால் கார் மறுபடி தன் இடைவெளியை அமைத்துக்கொள்ளும், உங்களுக்கு நஷ்டம் சில வினாடிதான்.

எலெக்ட்ரிக் கார்களுக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. டீலர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. க்ரூஸில் போகும்போது உங்கள் கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்காது. காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குச் சார்ஜைத் திருப்பும் ரீஜென் அதிகபட்சத்தில் இருக்கும் காரில் அந்த நேரத்தில் க்ரூஸை கேன்சல் செய்தால், கால் எடுத்ததாகவே கார் எடுத்துக்கொண்டு சட்டென்று வேகத்தைக் குறைக்கும். பின்னால் ஒட்டி வரும் லாரிக்காரர் அதை எதிர்பார்க்க மாட்டார். ஆகவே நெடுஞ்சாலையில் ரீஜெனைக் குறைந்த படியில் வையுங்கள். கேன்சல் பட்டனை அழுத்தும் முன் ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக் கிளம்பினால் முதல் சில கிலோமீட்டர் ரீஜென் சரியாக வேலை செய்யாது என்பதையும் மறக்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்ப ஏற்ற இடம் இருக்காது. பிரேக் பெடல் அப்போது வேறு மாதிரித் தெரியும்.

3. வேகத்தையும் சார்ஜையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

க்ரூஸில் எந்த வேகத்தை செட் செய்வது என்பது எலெக்ட்ரிக் காரில் சார்ஜ் கணக்கும்கூட. 90-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. 60 யூனிட் பேட்டரி உள்ள கார் 90-ல் 100 கி.மீ.க்கு 16 யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 15 சதவீதத்தைக் கையிருப்பாக விட்டால் மீதி 51 யூனிட்டில் 300 கி.மீ. தாண்டிவிடலாம். அதே கார் 110-ல் 20 யூனிட் எடுத்தால் 255-ல் நிற்கும். உங்கள் காரின் உண்மையான எண்ணை டிரிப் ஸ்க்ரீனில் பார்த்து, இதே கணக்கைப் போடுங்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருச்சிக்குச் சுமார் 270 கி.மீ. 90-ல் மூன்று மணி நேரம், 100-ல் அதைவிடப் பதினெட்டு நிமிடம் குறைவு. மிச்சமான அந்த நிமிடங்களில் நல்ல பங்கைச் சார்ஜர் முன்னால் கூடுதலாக நின்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். என் யோசனை 85 முதல் 90. சாலைப் பலகை அதற்கும் குறைவாகச் சொன்னால் பலகை சொல்வதுதான் வேகம்.

4. செங்கல்பட்டு தாண்டும்வரை பொறுங்கள்

பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வழியே போகும்போது க்ரூஸ் தேவையில்லை. பஸ் நிறுத்தங்கள், நடுவில் திரும்பும் ஆட்டோ, இரண்டு காருக்கு இடையில் நுழையும் டூவீலர் எல்லாம் சேர்ந்து காரைத் தடுமாறவைக்கும். அவசர பிரேக்கும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும் மட்டும் இருக்கட்டும். பரனூர் டோல்கேட்டையும் செங்கல்பட்டையும் தாண்டி நெரிசல் குறைந்த பிறகு க்ரூஸை ஆன் செய்யுங்கள்.

ஆன் செய்ததும் முதல் சில நிமிடம் காரைக் கவனியுங்கள். முன்னால் பஸ் வேகம் குறைக்கும்போது எப்போது பிரேக் போடுகிறது, வளைவில் முன் வண்டியைத் தொலைக்கிறதா, பக்கத்து லேன் லாரியைத் தன் லேனில் இருப்பதாக நினைத்துத் தேவையில்லாமல் பிரேக் போடுகிறதா என்று பாருங்கள். வலது கால் எப்போதும் பிரேக் பெடலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மடக்கி உட்காரக் கூடாது.

ரெஸ்யூம் பட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேல்மருவத்தூரில் செவ்வாடை பக்தர்கள் சாலையைக் கடக்கிறார்கள் என்று பிரேக் போட்டு 30-க்கு வந்துவிட்டீர்கள். க்ரூஸ் தானே விலகிவிடும். கூட்டம் முழுதும் கடக்கும் முன் ரெஸ்யூமை அழுத்தினால் கார் பழைய 90-ஐ நோக்கி ஓடத் தொடங்கும். எலெக்ட்ரிக் மோட்டார் இழுக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும். ஊர் தாண்டிச் சாலை காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகே ரெஸ்யூம். டோல்கேட்டுக்கு வெகு முன்பே க்ரூஸை அணையுங்கள். முன் வண்டி வேறு பூத்துக்கு விலகினால், பாதை காலி என்று நினைத்து உங்கள் கார் பூத்தை நோக்கி வேகமெடுக்கப் பார்க்கும்.

5. நிற்கும் லாரி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அடாப்டிவ் க்ரூஸ் நகரும் வண்டியை நன்றாகப் பின்தொடரும். நின்றிருக்கும் வண்டியை வேகத்தில் அடையாளம் காணத் திணறும். காரணம் இருக்கிறது. சாலையில் நிற்கும் பொருள்கள் ஏராளம்: பலகை, மீடியன் கம்பி, பாலத் தூண். ரேடார் அலை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஓடவே முடியாது. அதனால் நிற்கும் பொருளின் சிக்னலைப் பல கார்களின் மென்பொருள் ஒதுக்கித் தள்ளுகிறது. மேனுவலில் இது எச்சரிக்கையாகவே அச்சிடப்பட்டிருக்கும். கேமரா கைகொடுக்கலாம். ஆனால் பின் விளக்கு எரியாமல், ரிஃப்ளெக்டர் மேல் சேறு படிந்து, இரவில் இடது லேனை அடைத்து நிற்கும் பஞ்சரான லாரியைக் கேமராவும் நேரத்தோடு பார்க்கும் என்று நம்ப முடியாது.

அதைவிட மோசமான சூழல் ஒன்று உண்டு. நீங்கள் ஒரு பஸ்ஸைப் பின்தொடர்கிறீர்கள். பஸ் கடைசி நொடியில் விலகுகிறது. அதுவரை மறைந்திருந்த லாரி நேர் எதிரே நிற்கிறது. 90-ல் கார் வினாடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றால் 37 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் முழு பிரேக் போட்டு நிற்க இன்னும் 45 மீட்டர் வேண்டும். மொத்தம் 80 மீட்டருக்கு மேல். பெரிய இடைவெளி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பெரிய வண்டியின் பின்னால் நெடுநேரம் போகாதீர்கள். முன் வண்டிக்கு அப்பாலும் சாலை தெரிகிற இடத்தில் காரை வைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம், உளுந்தூர்பேட்டை பக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் இன்னொரு சோதனை. டிரெய்லருக்கு வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். கார் அளப்பது டிரெய்லரின் உடம்பையா கரும்பின் நுனியையா என்று உங்களுக்குத் தெரியாது. இரும்புக் கம்பி ஏற்றிய லாரிக்கும் இது பொருந்தும். இவற்றைக் கண்டதும் க்ரூஸை அணைத்து நீங்களே ஓட்டுங்கள். எதிர்த்திசையில் வரும் டூவீலர், மீடியன் இடைவெளியில் தலைநீட்டும் டிராக்டர், திடீரென்று ஓடும் ஆடு ஆகியவற்றுக்கும் உங்கள் கண்தான் கதி.

6. லேன் அசிஸ்ட்

நம் சாலைகளுக்கு இதை நான் பாதிதான் பரிந்துரைப்பேன். வெள்ளைக் கோடு தெளிவாக இருக்கும் நீண்ட துண்டுகளில், குறிப்பாகத் திருச்சி தாண்டி விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியில் கூட்டம் குறைந்த நேரத்தில், கைக்கு நல்ல ஓய்வு கிடைக்கும். மேம்பால வேலை நடக்கும் டைவர்ஷனில் பழைய கோடும் புதுக் கோடும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அங்கே அது தவறான கோட்டைப் பிடித்துக்கொள்ளும். டைவர்ஷன் பலகை தெரிந்ததுமே அணையுங்கள்.

இண்டிகேட்டர் போடாமல் பள்ளத்தைத் தவிர்க்க விலகினால் ஸ்டீயரிங் எதிர்த்து இழுக்கும். உங்கள் கைப்பிடி உறுதியாக இருந்தால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், பதற வேண்டாம். லேன் மாறும் ஒவ்வொரு முறையும் இண்டிகேட்டர் போடும் பழக்கம் வந்துவிட்டால் இந்த இழுபறி குறைந்துவிடும். ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டிலைச் செருகி, கை இருப்பதாகக் காரை ஏமாற்றும் வீடியோக்கள் சுற்றுகின்றன. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு யாரும் அதைச் செய்யாதீர்கள்.

லாரிகள் வலது லேனைப் பிடித்துக்கொண்டு 50-ல் போகும்போது க்ரூஸும் 50-ல் பின்னாலேயே போகும். இடதுபக்கம் ஏறுவதென்றால் முழுக்க உங்கள் கையில், கண்ணாடி பார்த்து, தலையைத் திருப்பிப் பார்த்து ஏறுங்கள். ஆக்ஸிலரேட்டரை நீங்கள் மிதித்திருக்கும்வரை பல கார்களில் க்ரூஸ் தானாக பிரேக் போடாது.

7. சார்ஜிங் நிறுத்தத்தில்

எலெக்ட்ரிக் காரில் போவதன் பெரிய நன்மை, அது உங்களை இறங்கவைக்கிறது. 20-லிருந்து 80 சதவீதம்வரை ஏற்றிக் கிளம்புங்கள். அதற்கு மேல் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். முதல் சார்ஜர் பழுதாக இருந்தால் போய்ச் சேரும் தூரத்தில், வேறு நிறுவனத்தின் சார்ஜர் ஒன்றை முன்கூட்டியே பார்த்து, அதன் ஆப்பில் பணமும் போட்டுவையுங்கள்.

சார்ஜ் ஏறும்போது கேமராவுக்கு நேரான கண்ணாடியைத் துடையுங்கள். சாயங்காலம் ஓட்டினால் அங்கே பூச்சிகள் அப்பியிருக்கும். பிறகு காலாற நடங்கள். க்ரூஸில் ஓட்டும்போது உடம்பு களைப்பது குறையும். ஆனால் செய்ய வேலை இல்லாததால் தூக்கம் வேகமாக வரும். ஓய்வெடுக்கச் சொல்லும் காபிக் கோப்பைப் படம் திரையில் வந்தால் அதை மதியுங்கள். நள்ளிரவில் கிளம்பி விடியலுக்குள் போய்ச் சேரும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன், எத்தனை ரேடார் இருந்தாலும் சரி.

8. மழை, வெயில், இரவு

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கேமரா பார்வையை இழக்கும். திரையில் செய்தி வரும், சில சமயம் தாமதமாக வரும். வைப்பரை வேகப்படுத்தும் நிலை வந்தாலே க்ரூஸை அணைத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கும்போது கார் வேகம் கூட்டப் பார்த்தால் பிடி போய்விடும். காலையில் சென்னை திரும்பும்போது சூரியன் முகத்தில் அடிக்கும். உங்களுக்குக் கண் கூசினால் கேமராவுக்கும் கூசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமயபுரத்துக்கும், தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் விடியற்காலை இருட்டில் சாலையோரம் நடப்பார்கள். இருட்டில் ஆளை அடையாளம் காண்பதில் அவசர பிரேக்குக்கு வரம்பு உண்டு. அந்த நாட்களில், அந்தச் சாலைகளில் க்ரூஸ் இல்லாமல் வேகத்தைக் குறைத்துப் போங்கள்.

9. ஊர் வந்த பிறகு

கல் தெறித்து முன் கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தால் கேமராவுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியை மாற்றினால் கேமராவைக் கட்டாயம் கேலிபரேட் செய்ய வேண்டும். வெளிக்கடையில் மலிவாக மாற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். சில டிகிரி கோணம் பிசகினாலே கார் பக்கத்து லேனைத் தன் லேன் என்று நினைக்கும். பம்பரைக் கழற்றி மாட்டினாலும் ரேடாரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கேலிபரேஷன் முடித்ததைப் பில்லில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் வெறிச்சோடிய பைபாஸில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.