ஓட்டைப் பிரிக்கும் முன் பீமைப் பாருங்கள்

திருப்பூரில் சிவில் டிப்ளமோ முடித்து வேலைக்கு வருகிற பலருக்கு முதலில் வாய்ப்பது ஷெட் வேலைதான். ராயபுரம் மாதிரிப் பழைய பகுதி என்றால், ஓட்டுக் கட்டடத்தின் நடுத்தூணை எடுத்துவிட்டு இரும்பு பீம் கொடுத்து, மர ட்ரஸ்ஸை அதன்மேல் உட்காரவைத்து, தையலுக்குப் பவர் டேபிள் போட இடம் உண்டாக்குகிற வேலையும் வரும். அங்கேதான் உங்கள் படிப்பு பயன்பட வேண்டும்.

பீம் கீழ்நோக்கி வளையும் என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். ஆனால் அதற்கு முன்பே அழுத்தம் தாங்கும் மேல் ஃபிளாஞ்ச் பக்கவாட்டில் விலகி, பீம் முறுக்கிக்கொண்டு சாயலாம். ஐஎஸ்எம்பி 300 பீமின் பக்கவாட்டு விறைப்பு, அதன் செங்குத்து விறைப்பில் 18-இல் ஒரு பங்குகூட இல்லை.

"ட்ரஸ்தான் மேல உக்காந்திருக்குதுங்களே, பீம் எங்க போயிரும்?" என்பார் ஃபேப்ரிகேட்டர் அண்ணன். ஏணி வைத்து ஏறி, ட்ரஸ் உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஃபிளாஞ்சின் மேல் மரக்கட்டை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதா? ட்ரஸ் அந்தக் கட்டையோடு கிளீட் ஆங்கிளில் பிணைந்திருக்கிறதா? சும்மா வைத்திருந்தால் அது பிடிப்பே இல்லை. பிணைத்திருந்தாலும் போதாது, ட்ரஸ்கள் எல்லாம் சேர்ந்தே ஒரு பக்கம் நகரலாம். ரீப்பரில் தொங்கும் ஓடு எதையும் தடுக்காது. ட்ரஸ்ஸின் கீழ்ச்சட்ட மட்டத்தில் குறுக்குப் பிரேசிங் போட்டு, அதை உறுதியான தூணிலோ சுவரிலோ கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஃபிளாஞ்சில் வரும் அதிகபட்ச விசையில் 2.5 சதவீதத்தைத் தாங்கும் பிடிப்பைத்தான் ஐஎஸ் 800:2007 கேட்கிறது. 20 டன் என்றால் அரை டன். ஆங்கிளும் சில போல்ட்டும் போதுமான வேலையை, கூலி மிச்சம் என்று விடுவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

ஓட்டை எடுத்து ஷீட் போடும்போது இன்னொரு ஆபத்து சேர்கிறது. மங்களூர் ஓடு ரீப்பரோடு சதுர மீட்டருக்கு சுமார் 65 கிலோ. உலோக ஷீட் சுமார் 5 கிலோதான். காற்று கூரையை மேலே தூக்கினால் அழுத்தம் கீழ் ஃபிளாஞ்சுக்கு மாறும். அதற்கும் சாய்வாக ஒரு ஆங்கிள் கொடுத்துக் கட்டுங்கள்.

பிடிப்பை விட்டால் என்ன ஆகும்? 1988 ஏப்ரல் 23-இல் கனடாவின் பர்னபியில், புதிதாகத் திறந்த கடையின் கூரையில் ஒரு பகுதி திறப்பு நாளன்றே இடிந்தது. பீம் அளவு போதவில்லை. பக்கப் பிடிப்பும் இல்லை. படித்த பொறியாளர்கள் வடிவமைத்ததுதான் அது.

ஓனரிடம் சூத்திரம் பேச வேண்டாம். "இத்தனை பேர் கீழ உக்காந்து தைக்கறாங்க, பிரேசிங் வரைபடம் இல்லாம ஓட்டைப் பிரிக்க வேண்டாங்க" என்று சொல்லுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட வரைபடம் வரும்வரை பழைய தூணில் கை வைக்க விடாதீர்கள்.