வீட்டுக்கு வேண்டிய மின்சாரம்: வெயிலா, காற்றா?

வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வீட்டிலேயே மின்சாரம் எடுக்க விவசாயிகள் பலர் விரும்புகின்றனர். இரண்டும் இயலும். ஆனால் கணக்குப் பார்க்காமல் கருவியை வாங்குபவர் கைப்பொருளை இழக்க நேரிடும். நிலத்திற்கு ஏற்ற பயிரைத் தேர்வது போல, இடத்திற்கும் தேவைக்கும் ஏற்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேவையைக் கணக்கிடுதல்

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். ஒரு சிறு குடும்பத்தின் ஒரு நாள் செலவைப் பார்ப்போம்.

9 வாட் எல்.இ.டி. விளக்கு 5, 6 மணி நேரம் – 270
75 வாட் மின்விசிறி 2, 10 மணி நேரம் – 1,500
60 வாட் டி.வி., 4 மணி நேரம் – 240
500 வாட் மிக்சி, கால் மணி நேரம் – 125
குளிர்பதனப் பெட்டி, சுமாராக – 1,000

மொத்தம் 3,135, அதாவது ஏறத்தாழ 3 யூனிட். இதில் பாதி மின்விசிறிகளுக்கே போகிறது. 30 வாட்டில் ஓடும் புதுவகை மின்விசிறிகளைப் பொருத்தினால் நாளொன்றுக்கு 900 வாட் மணி மிச்சமாகும். உற்பத்தி செய்வதைவிட மிச்சப்படுத்துவதற்கு ஆகும் செலவு குறைவு. எனவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

காற்று எங்கே கைகொடுக்கும்?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இந்த ஒரு விதியை நினைவில் கொண்டால் போதும்.

2 மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் ஏறத்தாழ 120 வாட் கிடைக்கும். 3 மீட்டர் வேகமானால் 15 வாட்தான். அக்காற்று இரவு பகலாக வீசினாலும் அரை யூனிட் கூடத் தேறாது.

பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே காற்று பாயும் உடுமலை, பல்லடம், தென்காசி, முப்பந்தல் பகுதிகளிலும், கம்பம் பள்ளத்தாக்கிலும் நல்ல வேகம் உண்டு. அங்கும் வைகாசி முதல் புரட்டாசி வரையே காற்று வலுவாக இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கலாம்; தை மாதத்தில் அதே காற்றாலை சும்மா நிற்கும்.

மேலும் வீடும் மரமும் காற்றைத் தடுத்துச் சுழலச் செய்கின்றன. சுற்றிலும் 300 அடிக்குள் உள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட 30 அடி உயரத்தில் காற்றாலை சுழல வேண்டும். மொட்டை மாடியில் குட்டைக் கம்பத்தில் நிறுத்திய காற்றாலை பயன் தராது. ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு வெயிலே ஏற்றது. காற்று மிகுந்த திறந்தவெளித் தோட்டத்தில் குடியிருப்போர் மட்டும் காற்றாலையைத் துணையாகக் கருதலாம்.

வெயிலில் கிடைப்பது

1 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள் நம் மாநிலத்தில் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் இதில் பாதி கூடக் கிடைக்காது. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். தகடுகளைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சாய்த்துப் பொருத்த வேண்டும்.

காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை தகட்டின் மேல் நிழல் விழக்கூடாது. ஒரு தென்னை ஓலையின் நிழல்கூட, அது மறைக்கும் பரப்பைவிட அதிகமான இழப்பை உண்டாக்கும். தூசியை வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் கொண்டு துடைக்கவும். உப்புத் தண்ணீர் கண்ணாடியில் படிந்துவிடும்.

மின்தடையில் விளக்கு எரியுமா?

வாங்குமுன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுவே. மின்வாரியக் கம்பியுடன் இணைத்த, பாட்டரி இல்லாத அமைப்பு, மின்தடையின்போது நல்ல வெயிலிலும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியவர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயாதிருக்கவே இந்த ஏற்பாடு. மின்கட்டணத்தைக் குறைக்க மட்டும் விரும்புவோருக்கு இது போதும், செலவும் குறைவு.

மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுமானால் பாட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட் மணி அடங்கும். பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். மீதமுள்ள 900 வாட் மணியைக் கொண்டு மேற்கூறிய விளக்குகளையும், 30 வாட் மின்விசிறிகள் இரண்டையும் ஓர் இரவு ஓட்டலாம். குளிர்பதனப் பெட்டிக்கு இன்னொரு பாட்டரி வேண்டும். ஈய-அமிலப் பாட்டரியை நான்கைந்து ஆண்டுகளில் மாற்ற நேரும். அச்செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

பாட்டரியில் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும், அமிலம் ஊற்றக்கூடாது. பாட்டரி இருக்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும். அங்கே தீக்குச்சி கிழித்தல் கூடாது. தகடுகளைத் தாங்கும் சட்டத்தைக் கான்கிரீட்டில் போல்ட் கொண்டு இறுக்கி, நில இணைப்பும் இடிதாங்கியும் அமைக்க வேண்டும். வெயில் உள்ள வரை தகட்டுக் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் பயிற்சி பெறாதவர் அவற்றைத் தொடக்கூடாது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், மின்வாரியக் கம்பியுடன் இணைந்த வீட்டு அமைப்புகளுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் அறிவிக்கப்பட்டது. கம்பி இணைப்பில்லாத தனி அமைப்புக்கு இந்த மானியம் இல்லை. பணம் கட்டுமுன் அன்றைய விதிகளை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

இம்மாதம் உங்கள் வீட்டுக் கருவிகளின் வாட் அளவையும் அவை ஓடும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்பவர், தேவைக்கு மேல் வாங்கவும் மாட்டார். குறைவாக வாங்கி இருட்டில் இருக்கவும் மாட்டார்.