டிரான்சிட் வாடகை வாங்குபவருக்கு வீடு தரலாமா?

குடிசைச் சீரமைப்புத் திட்டத்துக்காக வீட்டைக் காலி செய்யும் குடும்பம், புதுக் கட்டடம் எழும்வரை வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும். அதற்காக பில்டர் கொடுக்கும் தொகைக்கு டிரான்சிட் வாடகை என்று பெயர். மும்பை தாராவியிலிருந்து செம்பூருக்கோ மாட்டுங்காவுக்கோ வீடு தேடி வருபவர் "எஸ்.ஆர்.ஏ. (குடிசைச் சீரமைப்பு ஆணையம்) பணம்" என்று சொன்னதும் பேச்சு முறிந்துவிடுகிறது. அப்போது சொல்லப்படும் காரணங்களைப் பார்ப்போம்.

"அது ஓசிப் பணம்."

இல்லை. சொந்த இடத்தை விட்டுக் கொடுத்ததற்கு ஈடாக வரும் பணம். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய சொசைட்டிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு மறுபடி கட்டப்படுகின்றன. அங்குள்ள பிளாட்காரர்களும் பில்டரிடமிருந்து இதே டிரான்சிட் வாடகையை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் குடியேறுகிறார்கள். அவர்களை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மறுகட்டுமானத்துக்காக வெளியேறியவருக்குத் தரப்படும் இத்தொகை அவருக்கு வருமானம் ஆகாது, அதில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. பணம் ஒன்றுதான். வாங்குபவரின் பழைய முகவரி மாறியதும் மரியாதையும் மாறுகிறது என்றால், மறுக்கப்படுவது அந்த முகவரிதான்.

செம்பூரை அடுத்த மாஹுலையும் நினைவில் கொள்ள வேண்டும். தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அங்குள்ள காற்று மாசு உடல்நலத்துக்கு ஆபத்து என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லியிருந்தது. 2019-இல் உயர் நீதிமன்றம், வேறு இடத்தில் வீடு பார்த்துக்கொள்ள மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் டெபாசிட்டும் கொடுக்கச் சொன்னது. மூச்சுவிட முடியாத இடத்திலிருந்து வெளியேற நீதிமன்றம் வாங்கிக் கொடுத்த பணம் அது. அதைத் தானமாகப் பார்ப்பது அநியாயம்.

"இவர்களை வைத்தால் இன்சூரன்ஸ் கிளெய்ம் கிடைக்காது."

2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்கென்று எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரவேண்டும் என்று விதிக்கப்பட்ட பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. தீ, வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் போன்றவற்றால் வரும் சேதத்துக்கு ஈடு தருவது. குடியிருப்பவர் வாடகைக்கான பணத்தை எங்கிருந்து பெறுகிறார் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. வீட்டை வாடகைக்கு விட்டதையும், குடியிருப்பு வேறு உபயோகத்துக்கு மாறியதையும் நிறுவனத்துக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. தீயாலோ வெள்ளத்தாலோ வீடு குடியிருக்க முடியாதபடி ஆனால், இழந்த வாடகைக்கும் ஈடு உண்டு. குடித்தனக்காரர் வாடகை பாக்கி வைத்தால் ஈடு கிடையாது. அது வங்கி அதிகாரி குடியிருந்தாலும் அப்படித்தான்.

"பில்டர் நிறுத்திவிட்டால் வாடகை நின்றுபோகும்."

இந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. பாதியில் நின்ற திட்டங்களில் வாடகை பாக்கி ஏறி, பல குடும்பங்கள் தவித்திருக்கின்றன. அதனால்தான் இரண்டு ஆண்டு வாடகையை முன்கூட்டியே கட்டவேண்டும் என்று பில்டர்களுக்கு எஸ்.ஆர்.ஏ. 2023-இல் உத்தரவிட்டது. ஆனால் உங்கள் ஒப்பந்தம் பில்டரோடு அல்ல, குடியிருக்க வருபவரோடு. அவர் சம்பாத்தியத்தைக் கேளுங்கள், எல்லோரிடமும் வாங்கும் டெபாசிட்டையே வாங்குங்கள். பில்டர் செய்யும் துரோகத்துக்கு அந்தக் குடும்பத்தை முன்கூட்டியே தண்டிக்காதீர்கள்.

"வந்தால் காலி செய்யமாட்டார்கள்."

1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, லீவ் அண்ட் லைசென்ஸ் (வாடகை அனுமதி) ஒப்பந்தக் காலம் முடிந்தும் போகாதவரை வெளியேற்றத் தனி அதிகாரியிடம் செல்ல வழி தருகிறது. அதுவரை இருமடங்குத் தொகையும் கேட்கலாம். 55-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதியாமல் விட்டால், தகராறு வரும்போது குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே எடுபடும். சொசைட்டியின் முன் அனுமதியும் தேவையில்லை, தெரிவித்தால் போதும் என்பதே மாதிரி துணைவிதி.

"இப்படி மறுப்பது குற்றம், புகார் கொடுத்தால் போதும்."

வீடு தேடுபவர்கள் பக்கத்தில் இருக்கும் நம்பிக்கை இது. வருத்தத்தோடு சொல்கிறேன், தவறு. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடை, உணவகம் போன்ற பொது இடங்களைத்தான் தனியார் விஷயத்தில் தொடுகிறது. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்ற ஒரு வீட்டுவசதிச் சங்க விதியை உச்ச நீதிமன்றமே 2005-இல் ஏற்றது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017 சட்டமும், திருநர்களுக்கு 2019 சட்டமும் வாடகை வீட்டில் பாதுகாப்புத் தருகின்றன. வாடகை உதவி பெறுபவருக்கு அப்படி ஒரு வரி நம் சட்டங்களில் எங்கும் இல்லை. ஆனால் அமெரிக்காவில், அரசு வாடகை உதவி பெறுபவர்களைக் குடிவைத்த வீட்டு உரிமையாளர்களுக்குக் காப்பீடு மறுத்ததாக டிராவலர்ஸ் நிறுவனத்தின் மீது 2016-இல் வழக்கே தொடர்ந்தார்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நகரும் இந்த நேரத்தில், வாடகைச் சட்டத்தில் அந்த ஒரு வரியை மகாராஷ்டிர அரசு சேர்த்தாக வேண்டும்.

அதுவரை குடியிருப்பவர் தன் கையில் உள்ளதைச் செய்துகொள்ளலாம். சொந்த வீடு இல்லாவிட்டாலும் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் பாரத் கிருஹ ரக்ஷா எடுக்கலாம். ஆனால் தையல் மெஷினும் தோல் சரக்கும் வைத்துத் தொழில் செய்பவருக்கு அது உதவாது. அவருக்கு உரியது 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி.